தண்ணீர் அதிகம் கேட்காமல் ஆள் உயரம் வளர்கிற நம்ம ஊர்ப் பூச்செடி எது?

கேள்வி: தர்மபுரியில் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம் இருக்கிறது. செம்மண்ணும் சரளையும் கலந்த நிலம். கோடையில் செடிக்கு ஊற்றத் தண்ணீர் கிடைக்காது. ஆள் உயரம் வளர்ந்து, வருடக்கணக்கில் நின்று பூக்கிற நம்ம ஊர்ச் செடி ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, ஆவாரை.

'வேலியோரம் தானாக முளைக்கிறதைப் போய் வீட்டில் வைப்பதா?' என்று சிலர் சிரிப்பார்கள். போகியன்று காப்புக் கட்ட வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் தேடி, சந்தையில் காசு கொடுத்து வாங்குவதும் அவர்கள்தான். எங்கள் வீட்டில் தெருப்பக்கச் சுவரை ஒட்டி வரிசையாக நிற்கிறது. வேருக்குக் கொஞ்சம் இடமும் நாள் முழுக்க வெயிலும் கிடைத்தால் ஐந்தாறு அடி சாதாரணமாக வளரும்.

நர்சரியில் தேடி அலைய வேண்டாம். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று எந்த ரோட்டில் போனாலும் நெற்று கிடைக்கும். தட்டையாக, பழுப்பாக, தொட்டால் சலசலக்கிற நெற்றாகப் பார்த்துப் பறியுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: மஞ்சள் பூவெல்லாம் ஆவாரை இல்லை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் போல அகலமாக ஒரு சிறு இலை ஒட்டியிருக்கும். அது இருந்தால் ஆவாரை. சீமைக்கொன்றை என்கிற வேறொரு மஞ்சள் பூ மரம் முதுமலைக் காட்டுக்குள் பரவி, அதை அகற்ற வனத்துறை படாத பாடு படுகிறது. அதை மட்டும் கொண்டுவந்து வைத்துவிடாதீர்கள்.

விதைத் தோல் கெட்டி. அப்படியே போட்டால் பாதிக்கு மேல் முளைக்காமல் கிடக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு விதையைப் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். ஊதினதை எடுத்து விதையுங்கள், ஊதாததை மறுபடி சுடுதண்ணீரில் போடுங்கள். ஆடியில் மழை விழுந்ததும், எந்த இடத்தில் செடி நிற்க வேண்டுமோ அங்கேயே நாலடிக்கு ஒரு குழியில் இரண்டு மூன்று விதை போதும். ஆணிவேர் வேகமாகக் கீழே இறங்குகிற ஜாதி இது. காட்டில் வளர்ந்த செடியைப் பிடுங்கி வந்து நட்டால் பெரும்பாலும் காய்ந்துபோகும். கவரில் வளர்க்கிறவர்கள் கன்று சின்னதாக இருக்கும்போதே நிலத்தில் இறக்கிவிட வேண்டும்.

முதல் கோடை வரைக்கும் மழை பொய்த்தால் அவ்வப்போது ஒரு குடம் ஊற்றுங்கள். அப்புறம் விட்டுவிடலாம். ரோஜாவுக்குச் செய்வது போல எருவும் தினசரித் தண்ணீரும் கொடுத்தால் தழையாக வளர்ந்து பூ குறையும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மாமரத்தடி நிழலும் ஆகாது. கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்புக்குள் வீடு இருப்பவர்கள் வேலியோரத்தில் வைப்பதுதான் நல்லது.

நம் பங்குக்கு இருக்கிற ஒரே வேலை கவாத்து. பூ கிளை நுனியில்தான் வரும். வெட்டாமல் விட்டால் அடியில் மொட்டையாகி, மேலே மட்டும் குடை பிடித்து நிற்கும். பொங்கல் முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டிவிடுவோம். வெட்டின தழை வீணில்லை, எருக்கு, கொளுஞ்சி மாதிரி இதுவும் நல்ல தழையுரம்.

பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப்பையின் நுனித் துளை வழியாகத்தான் வெளியே வரும். கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்து, உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கும். காலையில் பக்கத்தில் நின்றால் அந்த 'ர்ர்ர்' சத்தம் கேட்கும். வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் இலையில் முட்டையிடும், புழு இலையைக் கடிக்கும். மருந்து அடித்துவிடாதீர்கள், இலை மறுபடி துளிர்க்கும்.

பூவைக் கூட்டு வைக்கலாம், காயவைத்துக் குளியல் பொடியில் சேர்க்கலாம். ஆனால் சர்க்கரைக்கு ஆவாரம்பூக் கஷாயம் குடிக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

ஒரே மஞ்சளாக இருக்கிறதே என்று தோன்றினால், செடி பெரிதானபின் செங்காந்தள் கிழங்கு ஒன்றைப் பக்கத்தில் புதைத்து ஆவாரை மேலேயே ஏற்றிவிடலாம். அதுவும் மழைக்கு முளைத்துப் பூத்து, பிறகு கொடி காய்ந்து கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். ஆனால் அந்தக் கிழங்கு கடும் விஷம். சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடும் வீடு என்றால் ஆவாரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.