ஜோகன்னஸ்பர்க்கில் குளிர்கால இரவில் ஹீட்டர் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருந்து ஜூன் மாதம் ஜோகன்னஸ்பர்க்குக்குக் குடிவருகிறோம். கைக்குழந்தை இருக்கிறது. இங்கே ஃபர்னஸ் நின்றுபோனால் நடுராத்திரியிலும் சர்வீஸ்காரர் வருவார். அங்கே அப்படி உண்டா? யாரைக் கூப்பிடுவது?

ஃபர்னஸே இங்கே கிடையாது. அதனால் ஃபர்னஸ்காரரும் கிடையாது. அமெரிக்காவில் அடித்தளத்தில் ஒரே இயந்திரம் உட்கார்ந்துகொண்டு குழாய் வழியாக எல்லா அறைக்கும் சூடான காற்றை அனுப்பும். அது நின்றால் வீடே நின்றது மாதிரி. தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும் என்பதால்தான் அங்கே அது அவசர சேவை. ஜோகன்னஸ்பர்க்கில் அறைக்கு ஒரு ஹீட்டர், அதிலும் ஒன்று கேஸ், ஒன்று கரண்ட், ஒரு மூலையில் விறகு அடுப்பு என்று கலவையாக இருக்கும். எது நின்றது என்பதைப் பொறுத்து வருகிற ஆள் மாறுவார். கேஸ் என்றால் பதிவு பெற்ற கேஸ் ஃபிட்டர், கரண்ட் என்றால் எலக்ட்ரீஷியன், வெந்நீர் என்றால் பிளம்பர். இந்த மூன்று பேரின் எண்களையும் மே மாதத்திலேயே ஃபோனில் சேமித்து வைத்திருப்பவர்கள்தான் ஜூலையில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். 24 மணி நேரமும் வருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்கள் உண்டு. கூப்பிடும்போதே, வருவதற்கு மட்டும் எவ்வளவு, அதில் முதல் ஒரு மணி நேர வேலையும் சேர்த்தியா, இரவுக்கும் ஞாயிறுக்கும் கூடுதலா என்று கேட்டுவிடுங்கள்.

குளிர் எவ்வளவு இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கணக்கில் ஆனியும் ஆடியும்தான் இங்கே குளிர்காலம். பகலில் நல்ல வெயில், பதினாறு பதினேழு டிகிரி, மழை கிடையாது. சூரியன் போனதும் மளமளவென்று இறங்கி விடியற்காலையில் மூன்று நான்கு டிகிரிக்கு வரும், சில நாள் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். பனி பெய்வது அபூர்வம். 2012 ஆகஸ்டிலும் 2023 ஜூலையிலும் பெய்தபோது ஊரே வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று படம் எடுத்தது. நியூ ஜெர்சி ஆளுக்கு இது குளிரா என்று தோன்றும். வந்து பாருங்கள், வீட்டுக்குள்தான் குளிரும். செங்கல் சுவர், ஓட்டுத் தரை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், கதவுக்கு அடியில் விரல் நுழைகிற இடைவெளி. புதிய கட்டடங்களுக்கு வெப்பக் காப்பு வேண்டும் என்ற விதி 2011இல்தான் வந்தது. அதற்கு முன் கட்டிய பல வீடுகளில் உள்கூரைக்கு மேல் ஒன்றுமே விரித்திருக்க மாட்டார்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது இங்கேயும் நடக்கிறது. இந்தியர்கள் அதிகம் வாழும் லெனேசியா பகுதியில் காலைக் குளிரில் அந்தச் சூடான கூழைக் கையில் வாங்கும்போதுதான் கூழின் அருமை எனக்கு முதல்முறையாகப் புரிந்தது.

சரி, கேஸ் ஹீட்டர். இங்கே அதிகம் பயன்படுவது சக்கரம் வைத்த பெட்டி ஹீட்டர். பின்பக்கம் 9 கிலோ சிலிண்டர் உட்காரும், முன்னால் மூன்று பீங்கான் பலகைகள் சிவந்து எரியும். மூன்றையும் எரியவிட்டால் நாலு கிலோவாட் அளவுக்குச் சூடு தரும், 9 கிலோ சிலிண்டர் சுமார் முப்பது மணி நேரம் வரும். இதில் வருகிற கோளாறுகளில் பாதி கோளாறே இல்லை. சிலிண்டர் மாற்றியபின் பற்றவில்லை என்றால் ஹோஸில் காற்று இருக்கிறது, குமிழை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் பற்றும். பற்றிக்கொண்டு, கையை எடுத்ததும் அணைந்தால் பெரும்பாலும் தெர்மோகப்பிள்தான், தழலின் சூட்டை உணர்ந்து கேஸைத் திறந்துவைக்கிற சின்ன உதிரிபாகம், ஃபிட்டர் மாற்றிவிடுவார். கடும் குளிர் இரவில் தழல் மெலிந்து, சிலிண்டரின் வெளியே ஈரமோ வெள்ளைப் பூச்சோ தெரிந்தால் ஹீட்டரைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகும்போது சிலிண்டரையே குளிரவைக்கிறது. அந்த கேஸில் கலந்திருக்கும் பியூட்டேன் பூஜ்யத்துக்கு அருகே ஆவியாகவே மறுக்கும், புரோப்பேன்தான் அந்த நேரத்தில் வேலை செய்கிறது. சிலிண்டர் கால்வாசிக்கு வந்துவிட்டால் இது இன்னும் மோசமாகும். ஒரு பலகையை மட்டும் எரியவிட்டுச் சமாளிக்கலாம். வெந்நீர் ஊற்றுவது, பக்கத்தில் இன்னொரு ஹீட்டரை வைத்து சிலிண்டரைச் சூடாக்குவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

எரிந்துகொண்டே இருந்துவிட்டு அரை மணி கழித்துத் தானாக அணைந்தால்? இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த ஹீட்டரில், அறையின் ஆக்ஸிஜன் குறைந்தால் கேஸை அடைக்கிற ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அறைக் காற்று கெட்டால் பைலட் என்ற சின்னத் தழல் தெர்மோகப்பிளை விட்டு விலகும், வால்வு மூடிக்கொள்ளும். அணைந்தால் ஜன்னலைத் திறங்கள் என்று அது சொல்கிறது. கூடவே ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் கடலோர நகரமான டர்பனைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் இந்தப் பாதுகாப்பு இங்கே சற்று முன்கூட்டியே விழித்துக்கொள்ளலாம். என் நண்பர் வீட்டுக்கு ரிப்பேர் பார்க்க வந்த ஒருவர், "இது சும்மா தொல்லை சார், எடுத்துவிட்டால் நிற்காமல் எரியும்" என்று ஸ்குரூடிரைவரை எடுத்தார். நண்பர் அவரை அப்படியே வாசலுக்கு அனுப்பிவைத்தார். அப்படிச் சொல்கிற யாரையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

சுவரிலோ கணப்பிலோ நிரந்தரமாகப் பொருத்திய கேஸ் ஹீட்டர் என்றால் சட்டப்படி அதற்கு ஒரு சான்றிதழ் இருக்க வேண்டும். எல்லாரும் சி.ஓ.சி. என்பார்கள். அதைக் கொடுக்கத் தகுதியானவர் எஸ்.ஏ.க்யூ.சி.சி. கேஸ் என்ற அமைப்பில் பதிவு பெற்றவர் மட்டுமே. அவரிடம் அடையாள அட்டை இருக்கும், கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவே பதில். தீ விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதும் இந்தக் காகிதத்தைத்தான்.

கேஸ் வாடை வந்தால் ரிப்பேர் யோசனையே வேண்டாம். சிலிண்டரை மூடுங்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், ஜன்னலைத் திறந்துவிட்டுக் குழந்தையோடு வெளியே வந்துவிடுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையிலேயே தேங்கும், கதவைக் கீழ்வரை திறந்துவிட்டால்தான் போகும். வெளியே வந்தபின் 112 அல்லது 10177 என்ற அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். சிலிண்டர் மாற்றிய ஒவ்வொரு முறையும் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இங்குள்ள 9 கிலோ சிலிண்டரின் திருகுமரை இடப்பக்கம் திருகினால்தான் இறுகும், அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

இனி கரண்ட். இங்கே நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான்: கோடை முழுக்க கராஜில் கிடந்த எண்ணெய் ஹீட்டரை முதல் குளிர் நாளில் எடுத்துச் செருகுவார்கள், பட்டென்று வீடு முழுக்க இருட்டாகும். உடனே ஹீட்டர் போய்விட்டது என்று தூக்கி எறிவார்கள். சும்மா கிடந்த மாதங்களில் அதன் எலிமெண்டுக்குள் ஈரப்பதம் ஏறியிருக்கும், அது லேசாகக் கசியும், டிபி போர்டு என்ற மின்பலகையில் உள்ள எர்த் லீக்கேஜ் பாதுகாப்பு சுவிட்ச் 30 மில்லி ஆம்பியரிலேயே விழும். வெயிலில் இரண்டு நாள் காயவைத்தால் சில சமயம் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் விழாது என்று சொல்லும் மேதாவிகளும் உண்டு. சரிதான், எர்த் லீக்கேஜ் விழாது, தொட்டவர்தான் விழுவார்.

இன்னொன்று, இரண்டு கிலோவாட் ஹீட்டரை மல்டிபிளக்கில் செருகாதீர்கள். சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். ஒரு மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டின் உள்ளே தளர்ந்திருக்கிறது, மாற்றச் சொல்லுங்கள்.

கரண்டே இல்லை என்றால் ஹீட்டரின் குற்றம் இல்லையே. 2022, 2023 ஆண்டுகளில் லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு இங்கே உயிரை வாங்கியது. இப்போது அந்த அளவுக்கு இல்லை. ஆனால் ஆனி, ஆடி இரவில் ஒரே தெருவில் எல்லாரும் ஹீட்டர் போடும்போது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் விழுவது நிற்கவில்லை. வீடு பார்க்கும்போதே கரண்ட் தருவது மாநகராட்சியின் சிட்டி பவரா, நாட்டின் அரசு மின் நிறுவனமான எஸ்காமா என்று கேளுங்கள். ஜோகன்னஸ்பர்க்கின் பெரும்பகுதி சிட்டி பவர், சாண்ட்டனும் சொவேட்டோவும் நேராக எஸ்காம். தப்பான இடத்தில் புகார் கொடுத்துவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருந்தவர்கள் உண்டு. கரண்ட் போனதும் ஹீட்டர் சுவிட்சுகளையும் கீசரையும் அணைத்துவிடுங்கள். வந்த நொடியில் தெரு முழுக்க ஒரே நேரத்தில் இழுத்தால் மறுபடி விழும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்த ஊர் ஆகஸ்ட்டுக்கும் பொருந்தும், கம்பி மேல் மரக்கிளை விழுந்து கரண்ட் போவது அப்போது அடிக்கடி நடக்கும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் பெரிய ஹீட்டரை அதில் போடாதீர்கள். ஐந்து யூனிட் பேட்டரியை இரண்டு கிலோவாட் ஹீட்டர் இரண்டரை மணி நேரத்தில் காலி செய்துவிடும். சுவரில் மாட்டும் 400 வாட் பேனல் ஹீட்டர் படுக்கையறைக்கு நல்லது. பெரியவர்களுக்கு மின்போர்வை போதும், இரவு முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது. குழந்தையின் தொட்டிலில் மின்போர்வையும் கூடாது, வெந்நீர்ப் பையும் கூடாது. உடம்பில் இரண்டு மூன்று அடுக்குத் துணியும் தூங்கும் பையும் போதும்.

வெந்நீர் வரவில்லை என்றால் கீசர். கூரைக்குள் படுத்திருக்கும் 150 லிட்டர் தொட்டியைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். எலிமெண்ட் பெரும்பாலும் மூன்று கிலோவாட், குளிர்காலத் தண்ணீரை அறுபது டிகிரிக்குக் கொண்டுவர இரண்டரை மணிக்கு மேல் ஆகும். கரண்ட் வந்த அரை மணியில் சூடாகவில்லை என்று பிளம்பரைக் கூப்பிட்டால் பணம்தான் தண்டம். கூரையில் சோலார் கீசர் இருக்கிற வீடு என்றால் உறைபனி தாங்குமா என்று கேளுங்கள். தண்ணீரே நேராகப் பேனலுக்குள் ஓடும் வகை, டர்பனுக்குச் சரி, இந்த மேட்டு நிலத்தில் ஒரு பூஜ்யத்துக்குக் கீழான இரவில் வெடிக்கும். கிளைகால் (glycol) என்ற உறைதடுப்புப் பொருள் கலந்த திரவம் ஓடும் வகைதான் இங்கே நிற்கும்.

விறகு அடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புகைபோக்கியைக் குளிருக்கு முன் துடைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் கரி. இதை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். எல்லாம் நின்றுபோன இரவில் பிராய் என்று இங்கே சொல்லும் இறைச்சி சுடும் அடுப்பில் மிச்சமிருக்கும் கரித்தணலை உள்ளே கொண்டுவரலாமே என்று தோன்றும். இங்கே இம்பாவுலா என்று, டின்னில் ஓட்டை போட்டுக் கரி எரிப்பார்கள். திறந்தவெளியில் காவலாளிகள் குளிர் காய அது சரி. மூடிய அறைக்குள் கொண்டுபோய்த் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றால் சாப்பாட்டைச் சந்தேகிக்காதீர்கள், வெளியே ஓடுங்கள். கேஸ் ஹீட்டரும் அப்படித்தான், ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருக்க வேண்டும், படுக்கப் போகுமுன் அணைக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கையறைப் பக்கம் மாட்டுங்கள்.

நடுராத்திரியில் ஹீட்டர் நின்றால் நான் சொல்வது இதுதான்: எல்லாரும் ஒரே சின்ன அறைக்கு வாருங்கள், கதவடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள், கம்பளியை எடுங்கள், காலையில் ஆளைக் கூப்பிடுங்கள். இந்த ஊர்க் குளிருக்கு அது போதும். காலை எட்டு மணிக்கே வெயில் வந்துவிடும். இங்கே குளிர்கால வெயில் வடக்கில் இருந்து வரும் என்பதால் வடக்கு பார்த்த ஜன்னல் உள்ள அறையைக் குழந்தைக்கு ஒதுக்குங்கள். வீடு தேடும்போது வாஸ்துவுக்குப் பதிலாக இதைப் பாருங்கள் என்று என் மாமியாரிடம் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கீசர், பொருத்திய ஹீட்டர், தரைக்கு அடியில் ஓடும் ஹீட்டர் கம்பி இவற்றின் ரிப்பேர் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள், கேஸ் சி.ஓ.சி.யின் நகலும் கேளுங்கள். அப்புறம், நியூ ஜெர்சி ஹீட்டரையும் மின்போர்வையையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230.