தொட்டி மீனுக்குப் பட்டாணி போடலாம், இட்லி வேண்டாம்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டில் இரண்டடித் தொட்டி இருக்கிறது. நாலு கோல்டு ஃபிஷ், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்கிற சக்கர் மீன் ஒன்று. காலையில் மாமியார் இட்லி பிய்த்துப் போடுவார், பையன் பிஸ்கட் போடுவான், கீரை ஆயும்போது நானும் நாலு இலை போடுவேன். போன வாரத்திலிருந்து அந்த நாலு கோல்டு ஃபிஷ்ஷில் ஒராண்டா வகை ஒன்று தலைகீழாக மிதக்கிறது. வீட்டுச் சாப்பாடு எதுவும் ஆகாது என்று சொல்லி, கடைக்காரர் ஒரு நீல மருந்தும் ஒரு டானிக்கும் கொடுத்தார், 480 ரூபாய். காய்கறி நிஜமாகவே மீனுக்கு ஆகாதா? எதைப் போடலாம், எவ்வளவு?"

முதல் காரியம், அந்த நீல பாட்டிலைத் திறக்காதீர்கள். ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டது என்றால் இன்றைக்கு மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், நாளைக்கும் அதே அளவு மாற்றுங்கள். அது பெரும்பாலும் மெத்திலீன் புளூவாக இருக்கும். பூஞ்சைக்கும் மீன் முட்டைக்கும் ஆகிற மருந்து அது, வயிறு உப்பியதற்கு இல்லை. ஃபில்டரில் இருக்கிற நல்ல பாக்டீரியாவை அது கொன்றுவிடும், அப்புறம் தண்ணீர் கெட்டு மற்ற மீன்களும் படுக்கும், நீங்கள் மறுபடியும் அதே கடைக்குப் போவீர்கள்.

உங்கள் ஒராண்டாவைக் கவிழ்த்தது கீரை இல்லை. கோல்டு ஃபிஷ்ஷுக்கு நம்மைப் போல இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகும், தேக்கி வைக்க இடம் இல்லை, ஆனால் எந்நேரமும் பசிக்கிற மாதிரி கண்ணாடி ஓரம் வந்து வாயைத் திறந்து திறந்து காட்டும், நாமும் பாவம் என்று போடுவோம். ஒராண்டா, ரஞ்சு மாதிரி உருண்டை உடம்பு கோல்டு ஃபிஷ்களில் குடலும், மீனை நிமிர்ந்து மிதக்க வைக்கிற காற்றுப்பையும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். குடல் உப்பினால் காற்றுப்பை அழுந்தும், மீன் கவிழும். போதாக்குறைக்கு அந்தக் காற்றுப்பை உணவுக்குழாயோடு சேர்ந்திருக்கிறது, அதனால் மேலே மிதக்கிற தீனியை வந்து வந்து விழுங்கும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போகும். இட்லி, பிஸ்கட், மிதக்கும் தீனி மூன்றும் ஒரே நாளில் விழுகிற வீட்டில் இப்படி நடப்பதில் ஆச்சரியம் இல்லை.

எனவே மூன்று நாள் எதுவும் போடாதீர்கள். வளர்ந்த கோல்டு ஃபிஷ் ஒரு வாரம்கூடப் பட்டினி தாங்கும், மாமியாரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் அந்தப் பக்கம் போனதும் ஒரு விள்ளல் விழுந்துவிடும். நாலாவது நாள் பச்சைப் பட்டாணி. உப்பு போடாமல் இரண்டு மூன்று நிமிடம் வேகவைத்து, ஆறவைத்து, தோலை உரித்து, உள்ளே இருப்பதை நசுக்கி, மீன் கண்ணின் அளவுக்குத் துண்டு துண்டாகப் போடுங்கள். ஒரு மீனுக்கு அரைப் பட்டாணி போதும். சீசன் இல்லையென்றால் ஃப்ரீசரில் விற்கிற பட்டாணி பரவாயில்லை. இப்படி மூன்று நாள். செதில்கள் அன்னாசிப்பழத் தோல் மாதிரி விரிந்து நின்றால் மட்டும் இது வேறு நோய், பட்டாணியை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

இனி உங்கள் உண்மையான கேள்வி. எந்தக் காய் ஆகும், ஆகாது என்று பெரிய பட்டியல் கொடுத்தால் நீங்கள் மறந்துவிடுவீர்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா? எடுக்க முடிகிறதைப் போடலாம். வேகவைத்த பூசணித் துண்டை மீன் கொறித்துவிட்டு மிச்சம் வைத்தால் ஸ்பூனால் எடுத்துவிடலாம். இட்லி விழுந்த கொஞ்ச நேரத்தில் கரைந்து கூழாங்கல்லுக்குள் இறங்கிவிடும், அதை எடுக்க யாராலும் ஆகாது. சோறும் பிஸ்கட்டும் பிரெட்டும் அப்படித்தான். உள்ளே கிடந்து அழுகி அமோனியா வரும், தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுக்கும், காலையில் மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும். கோயில் குளத்துக்குப் பொரி போட்டுப் பழகிய கை நம்முடையது. ஆனால் குளம் வேறு. உங்கள் இரண்டடித் தொட்டி விளிம்புவரை நிரப்பினாலே 56 லிட்டர்தான், கல்லையும் மேலே விட்ட இடத்தையும் கழித்தால் மூன்று குடம் தண்ணீர். மூன்று குடத்தில் நாலு கோல்டு ஃபிஷ் இருப்பதே நெரிசல், அதையும் சொல்லிவிடுகிறேன், கடையில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். 20 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். கத்திரி நாளில் ஹாலில் இருக்கிற தொட்டி 32க்குக்கூடப் போகும். அழுகுவது வேகமாகும், மூச்சு குறையும், அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போய் ஏர் மோட்டார் நிற்கும். வெளிநாட்டு வீடியோக்களில் காயை 24 மணி நேரம் தொட்டியில் விடலாம் என்பார்கள். இங்கே நாலு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்.

கீரையில் பாலக், அரைக்கீரை, சிறுகீரை எதுவும் போடலாம். நீங்கள் போட்டது தப்பில்லை, பச்சையாகப் போட்டதுதான் தப்பு, அதுவும் ஆய்ந்த மிச்சம் என்றால் பழுத்த இலையும் காம்புமாகத்தான் இருந்திருக்கும். மருந்தடித்த கீரை நிறைய வருகிறது, நன்றாக நாலு தண்ணீரில் அலசி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, நறுக்கிப் போடுங்கள். சர்க்கரைப் பூசணி, கேரட், சுரைக்காய் எல்லாம் நகம் இறங்குகிற பதத்துக்கு வேகவேண்டும். தாளித்தது, உப்புப் போட்டது, எண்ணெய் பட்டது எதுவும் கூடாது. குழம்பிலிருந்து எடுத்து அலசிவிட்டுப் போட்டேன் என்று ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். வெங்காயம், எலுமிச்சை, தக்காளி வேண்டாம். காசிமேட்டு இறால் வாங்கும் நாளில் உப்பில்லாமல் வேகவைத்த துண்டு ஒன்று, அரிசி அளவு, வாரம் ஒருமுறை போடலாம். கோழி, மாடு வேண்டாம்.

வேகவைக்காமல் போடக்கூடியது ஒன்றே ஒன்று, வெள்ளரிக்காய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பச்சையாகப் போடலாம் என்று சொன்னதும் தள்ளுவண்டியில் மிளகாய்த்தூள் தடவி விற்கிற கீற்றைப் போட்டவர்களும் இருக்கிறார்கள். முழுக்காயாக வாங்குங்கள். காம்புப் பக்கம் ஒரு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு மீதியில் ஒரு துண்டை நீங்களே வாயில் போட்டுப் பாருங்கள், கசந்தால் அது மீனுக்கும் வேண்டாம். தோலைச் சீவுங்கள். ஒரு விரல் கனத்துக்கு வட்டமாக நறுக்குங்கள், மெல்லிசாக நறுக்கினால் சீக்கிரம் கூழாகிவிடும். முற்றிய காய் என்றால் நடுவில் இருக்கிற விதையைத் தோண்டி எடுத்துவிடுங்கள், கோல்டு ஃபிஷ் அதை வாயில் வைத்துத் துப்பித் துப்பித் தொட்டி முழுக்கப் பரப்பும். வெள்ளரி மிதக்கும், அதனால் எவர்சில்வர் ஃபோர்க்கில் குத்தி அடியில் இறக்குங்கள். துருப்பிடிக்கிற இரும்புக் கம்பி வேண்டாம், கல்லைக் கட்டி இறக்குகிறேன் என்று நூல் கட்டவும் வேண்டாம். முதல் நாள் எந்த மீனும் சீண்டாது. இரண்டாவது நாளும் சீண்டாமல் இருக்கலாம். நாலு மணி நேரத்தில் எடுத்துவிட்டு மறுநாள் புதிதாகப் போடுங்கள், அதே துண்டை ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி போடக்கூடாது. ஒருமுறை பழகிவிட்டால் ஃபோர்க்கைப் பார்த்ததுமே ஓடிவரும். இவ்வளவும் செய்த பிறகும் அதில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர்தான், வயிறு நிறைகிற சாப்பாடு இல்லை. எந்தக் காயும் அப்படித்தான், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போடலாம், மற்ற நாளில் மூழ்குகிற கோல்டு ஃபிஷ் பெல்லெட், இரண்டு நிமிடத்தில் தீர்கிற அளவு.

சக்கரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதற்குத்தான் காய்கறி எல்லாரையும்விட அவசியம். "இது அழுக்கைத் தின்னும், தொட்டி கழுவவே வேண்டாம்" என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்? மீன் கழிவை அது தின்னாது. கண்ணாடியில் படிகிற பாசியைத் தின்னும், உங்கள் தொட்டியில் பாசி நாலு நாளில் தீர்ந்திருக்கும், பிறகு பட்டினி. பசித்த சக்கர் ராத்திரியில் கோல்டு ஃபிஷ்மேல் ஒட்டிக்கொண்டு உடம்பு வழுவழுப்பைச் சுரண்டித் தின்னும், காலையில் மீன்மேல் வட்டமாகப் புண் தெரிந்தால் அதுதான். விளக்கணைத்த பிறகு அதற்கென்று தனியாக ஒரு பூசணித் துண்டு வையுங்கள். விரல் அளவில் வாங்கியது ஒரு அடிக்கு மேல் வளரும். அப்போது இடமில்லை என்று ரெட்டேரியிலோ பக்கிங்ஹாம் கால்வாயிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், தென் அமெரிக்க மீன் அது, நம்ம ஏரிகளில் பெருகி மற்ற மீனுக்கு இடமில்லாமல் செய்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

கொளத்தூரில் மீன் வளர்க்கிறவர்களிடையே இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். வீட்டுக் கொட்டகையில் தொட்டி கட்டி இரவெல்லாம் குஞ்சு பொரிக்க வைக்கிறவருக்குக் கிடைப்பது சில்லறை. நடுவில் வாங்கி விற்கிறவர் மீனில் சம்பாதிப்பதில்லை, பாட்டிலில்தான் சம்பாதிக்கிறார். பெயர் இல்லாத டானிக், தேதி இல்லாத கவரில் மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுக்கிற தீனி. நம்ம கடற்காற்றில் திறந்த மூட்டைத் தீனி எத்தனை நாள் தாங்கும்? கொழுப்பு சிக்கடிக்கும், வைட்டமின் போய்விடும், பூஞ்சை பிடிக்கும், அதைத் தின்று மீன் சுணங்கினால் வீட்டுச் சாப்பாட்டின்மேல் பழி. ஒட்டிய பாக்கெட்டாக, சின்னதாக, தேதி பார்த்து வாங்குங்கள். அடுத்து வீட்டுக்கு வந்து தொட்டி கழுவித் தருகிற ஆள். முழுத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வெள்ளை வெளேரென்று பிழிந்து, நேராக மெட்ரோ வாட்டரைத் திறந்து விடுவார், அதில் குளோரின் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும், மூன்றாவது நாள் மீன் சாகும், மீனும் அவரே கொண்டுவந்து தருவார். தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் வைத்து, வாரம் கால் பங்கு நீங்களே மாற்றுங்கள், பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

லேபிள் இல்லாத மருந்து விற்பதைப் பற்றி நானே ஒருமுறை அரசு அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். ஒரு இடத்தில் இது கால்நடைத் துறை என்றார்கள், கால்நடைத் துறையில் இது மீன்துறை என்றார்கள், மீன்துறையில் இது அலங்கார மீன், உணவு மீன் இல்லை என்றார்கள். மூன்று சீல் விழுந்த காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மீன்வளத்துக்கென்று 2012இல் தனிப் பல்கலைக்கழகம் வந்த மாநிலம் இது, பொன்னேரியில் கல்லூரியே இருக்கிறது, மீன் நோய் தெரிந்தவர்கள் படித்து வெளியே வருகிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தண்டையார்பேட்டையில் மீன் கவிழ்ந்தால், மருந்து விற்கிற அதே ஆளிடம்தான் நோய் என்னவென்று கேட்கவேண்டியிருக்கிறது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மூன்று நாள் பட்டினி, மூன்று நாள் பட்டாணி, தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றம். மாமியாருக்கும் பையனுக்கும் ஒரு வேலை கொடுத்துவிடுங்கள், பட்டாணித் தோலை அவர் உரிக்கட்டும், ஃபோர்க்கை அவன் இறக்கட்டும், ஆனால் நாலு மணி நேரம் கழித்து எடுப்பது நீங்கள். ஏழாவது நாளும் ஒராண்டா கவிழ்ந்தே இருந்தால் எழுதுங்கள், கூடவே அந்த டானிக் பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்கள், லேபிள் என்று ஒன்று இருந்தால்.