பாதியில் நின்ற ஜெபத்தை முதலிலிருந்து தொடங்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 41. பிள்ளையின் படிப்பு, வீட்டுக்கடன், கணவரின் வேலை என்று ராத்திரி முழுக்க யோசனை ஓடுகிறது. ஜெபித்தால் மனசு அடங்கும் என்றார்கள். ஆனால் ஜெபிக்கும்போதே இயேசுவைப் பற்றிக் கெட்ட வார்த்தைகள் மனதில் வருகின்றன. பயந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஜெபிக்கிறேன்; பத்து நிமிட ஜெபம் இரண்டு மணி நேரமாகிறது. இது மன்னிக்கப்படாத பாவமா என்று யூடியூபில் தேடித் தேடிப் பார்க்கிறேன், பாஸ்டரிடமும் தினமும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கிறேன். படபடப்பு, கை நடுக்கம், முடி உதிர்தல், கழுத்து வலி இருக்கின்றன. ஈசிஜி, தைராய்டு டெஸ்ட் இரண்டு முறை எடுத்தேன், நார்மல். பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைக் காட்டி, பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரஸோலாம் 0.25 மாத்திரை வாங்கி நான்கு மாதமாகத் தினமும் ராத்திரி போடுகிறேன். மனதை அடக்க எப்படி ஜெபிக்க வேண்டும்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: எப்படி ஜெபிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. உங்களை உண்மையில் வாட்டுவது, கடவுள் நம்மைக் கைவிட்டுவிட்டாரோ, நமக்குப் புத்தி கெட்டுவிட்டதோ என்ற பயம். இரண்டும் இல்லை. நீங்கள் விவரிப்பது ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வகையைப் போலிருக்கிறது. நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். ஆனால் பக்தியுள்ளவர்களுக்கு இந்த வடிவத்தில் வருவது மருத்துவர்களுக்குப் பழக்கமானதுதான்.

எது நமக்கு மிகப் புனிதமோ அதைத்தான் இந்த நோய் பிடித்துக்கொள்ளும். பச்சைக் குழந்தையை உயிராக நேசிக்கும் தாய்க்கு, அதைக் கீழே போட்டுவிடுவோமோ என்ற எண்ணம் வரும். இயேசுவை நேசிக்கும் உங்களுக்கு அவரைப் பழிக்கும் சொற்கள் வருகின்றன. அவை உங்கள் விருப்பம் அல்ல. விருப்பமாக இருந்தால் இவ்வளவு துடிக்கமாட்டீர்கள். மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டோமோ என்று நடுங்குகிறவர் அதைச் செய்தவர் அல்ல என்று அனுபவமுள்ள எந்தப் போதகரும் சொல்வார். நானும் சொல்கிறேன், ஒரே ஒரு முறை. மறுபடி எழுதிக் கேட்காதீர்கள். பாஸ்டரிடம் தினமும் கேட்பதும் இந்த நோயின் வேலைதான். அவர் 'மன்னிக்கப்பட்டாய்' என்று சொன்னதும் அரை மணி நேரம் நிம்மதி கிடைக்கும். பிறகு பழைய பயம் இன்னும் கூர்மையாக வந்து நிற்கும். வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள், இந்தக் கேள்விக்கு இனி யாரும் பதில் சொல்ல வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நான் பயப்படுவது ஒரே வரிக்குத்தான்: 'மறுபடி முதலிலிருந்து ஜெபிக்கிறேன்.' கெட்ட எண்ணம் வருகிறது, நெஞ்சு பதறுகிறது, திரும்பத் தொடங்குகிறீர்கள், பதற்றம் சற்றுத் தணிகிறது. மூளை இதிலிருந்து என்ன கற்றுக்கொள்கிறது? அந்த எண்ணம் நிஜமாகவே ஆபத்தானது, திரும்பச் சொன்னதால்தான் தப்பித்தோம் என்று. நாளைக்கு அதே எண்ணத்தை இன்னும் உஷாராகத் தேடும், தேடுவதால் கண்டுபிடிக்கும். எண்ணத்தை அடக்கிப் பார்ப்பதும் உதவாது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-ல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது திரும்பத் திரும்ப வந்தது. கரடிக்கே அப்படியென்றால் உங்கள் எண்ணத்துக்குச் சொல்ல வேண்டுமா?

இதற்கும் விசுவாசக் குறைவுக்கும் சம்பந்தமில்லை. நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரி யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ, இயேசு சபையைத் தொடங்கிய அந்தப் புனித இஞ்ஞாசியார் 1522-ல் ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, பழைய பாவத்தைச் சரியாக அறிக்கையிடவில்லையோ என்ற பயத்தில் மாதக்கணக்கில் உழன்றார். உயிரை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகே அதிலிருந்து வெளிவந்தார். இன்றைய சிகிச்சையின் அடிப்படையும் கிட்டத்தட்ட அதுதான்: பயம் வரட்டும், அதற்குப் பரிகாரம் செய்யாதே.

ஆகவே இன்று ராத்திரி முதல் இப்படிச் செய்யுங்கள். ஜெபம் பத்து நிமிடம். மொபைலில் அலாரம் வைத்துவிட்டு, திரையைக் கவிழ்த்து வையுங்கள். நாற்காலியில் உட்காருங்கள், படுக்கையில் வேண்டாம். கெட்ட எண்ணம் வந்தால் நிறுத்தாதீர்கள், மன்னிப்புக் கேட்காதீர்கள், அதை ரத்துசெய்ய வேறு வசனம் சொல்லாதீர்கள். எந்த வார்த்தையில் இருந்தீர்களோ அதற்கு அடுத்த வார்த்தைக்குப் போங்கள். அலாரம் அடித்ததும், பாதி வாக்கியத்தில் இருந்தாலும் ஆமென் சொல்லி எழுந்துவிடுங்கள். முதல் சில நாட்கள் பதற்றம் ஏறும். ஏறினால் தவறாகச் செய்கிறோம் என்று அர்த்தமல்ல. எதுவும் செய்யாமல் விட்டால் அது தானாக இறங்கும், மூளை பார்க்க வேண்டியது அதைத்தான். ஒருநாள் தோற்றுப்போய்த் திரும்பத் தொடங்கிவிட்டால், மறுநாள் விட்ட இடத்தில் தொடருங்கள். அதற்காக இன்னொரு மன்னிப்பு ஜெபம் வேண்டாம்.

கடன், பள்ளி, வேலை பற்றிய யோசனை வேறு ரகம். அதற்கு ஜெபம் நன்றாகவே உதவும், ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு அல்ல. மாலை ஆறு மணிக்கு இருபது நிமிடம் கவலைக்கென்றே ஒதுக்குங்கள். நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் நீங்கள் ஏதாவது செய்யக்கூடிய கவலைகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலையும் தேதியும். 'கடன்' என்று எழுதினால் பயன் இல்லை, 'புதன்கிழமை பேங்க் போய்த் தவணையைப் பற்றிக் கேட்பது' என்று எழுத வேண்டும். வலப்பக்கம் உங்கள் கையில் இல்லாதவை. அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஒரே ஒரு முறை ஜெபத்தில் ஒப்புக்கொடுங்கள். பிலிப்பியர் 4:6-ல் பவுல் சொல்வதும் இதுதான்: கவலையை விண்ணப்பமாக்கு, நன்றியோடு தெரியப்படுத்து. அதையே நூறு முறை தெரியப்படுத்தச் சொல்லவில்லை. ராத்திரி அதே கவலை எட்டிப்பார்த்தால், 'நாளை ஆறு மணிக்கு' என்று சொல்லித் தள்ளிவையுங்கள்.

உடல் படபடப்புக்கு மூச்சோடு சேர்ந்த ஜெபம். மூக்கு வழியாக நான்கு நொடி மூச்சை இழுக்கும்போது மனதுக்குள் 'இயேசுவே', ஆறு நொடி மெல்ல விடும்போது 'என்மேல் இரங்கும்'. நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம் போதும். 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான இத்தாலிய ஆய்வில், 23 ஆரோக்கியமானவர்கள் லத்தீனில் ஜெபமாலை மந்திரத்தைச் சொன்னபோது மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது; இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் சீராக்கும் அனிச்சைச் செயல் மேம்பட்டது. விரல் மரத்தாலோ தலை சுற்றினாலோ மூச்சை அளவுக்கு மீறி ஆழமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம்; கார்பன் டை ஆக்ஸைடு குறைவதால் வருவது அது, ஆழத்தைக் குறையுங்கள். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது முதன்முறையாக முயன்றால் கைகொடுக்காது, அமைதியான வேளையில் பழகி வையுங்கள். உங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: கெட்ட எண்ணத்தை விரட்ட இதைப் பயன்படுத்தாதீர்கள். விரட்டினால் இதுவும் இன்னொரு சடங்காகிவிடும்.

முடி உதிர்தல், கழுத்து வலி பற்றி ஒன்றும் செய்ய வேண்டாம். ஈசிஜியை மூன்றாவது முறை எடுக்காதீர்கள். கை நடுக்கத்துக்கு, வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றில் எத்தனை டம்ளர் காபி போகிறது என்று எண்ணிப் பாருங்கள். சிகிச்சை நடக்கும் வரை உபவாசம் வேண்டாம்.

அல்பிரஸோலாம் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. அது ஹெச்1 பட்டியல் மருந்து, அதாவது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. உங்கள் பெயரில் சீட்டு இல்லாமல் கொடுத்த கடைக்காரர் செய்தது தவறு, வாங்கியதும் தவறு. சில வாரங்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடும், ஓசிடிக்கு அது மருந்தும் அல்ல. ஆனால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். நான்கு மாதம் தினமும் போட்டதைச் சட்டென்று விட்டால் தூக்கமின்மையும் பதற்றமும் இரட்டிப்பாகும், சிலருக்கு வலிப்பே வரும். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஓசிடிக்குச் சரியான மருந்துகள் செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸடின் போன்றவை. அவை அல்பிரஸோலாம் போல அடிமைப்படுத்துவதில்லை, விசுவாசத்தையும் தொடாது. முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலோ லேசான பரபரப்போ வந்தால் பயந்து நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கூடவே உளவியலாளரிடம் பயிற்சி வேண்டும். நான் மேலே சொன்ன பத்து நிமிட விதி அதன் ஒரு துளிதான்.

கீழ்ப்பாக்கம் என்ற பெயரையே கேலியாகச் சொல்லும் ஊர் இது. அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1794-ல் தொடங்கிய அந்த அரசு மனநல மருத்துவமனை உங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். அங்கே போகத் தயக்கமென்றால் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, அந்தச் சொற்கள் உங்கள் மனதில் அல்லாமல் வெளியிலிருந்து குரலாகக் கேட்டாலோ ஒருநாளும் காத்திருக்கக் கூடாது; அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

மற்றபடி இந்த வாரத்துக்குள் போய்விடுங்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப்போங்கள். டாக்டரிடம் முடி உதிர்வதிலிருந்து ஆரம்பிக்காமல், 'கெட்ட எண்ணம் வருவதால் தினமும் இரண்டு மணி நேரம் ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், நான்கு மாதமாக அல்பிரஸோலாம் போடுகிறேன்' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.