சின்ன பிளேயருக்கு எந்த ஹெட்போன்? – கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். சட்டைப்பையில் செருகிக்கொள்கிற சின்ன எம்பி3 பிளேயர் ஒன்று இருக்கிறது. தினமும் பஸ் பயணம். 2000 ரூபாயை ஒட்டி எதை வாங்கலாம்?

பதில்: பஸ்ஸுக்கு என்றால் காதுக்குள் நுழைகிற இயர்போன்தான். காதின் மேல் உட்காருகிற ரகம் இன்ஜின் சத்தத்தைத் தடுக்காது. அதைத் தாண்டிக் கேட்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போவீர்கள். இந்த விலையில் மூன்டிராப் சூ 2, செவன்ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ இரண்டையும் தைரியமாக வாங்கலாம். இரண்டிலும் வயரைக் கழற்றி மாற்றலாம் (0.78 மி.மீ. இரட்டை முள்). இயர்போன்கள் பெரும்பாலும் வயரில்தான் சாகின்றன, அதனால் இது பெரிய வசதி. சூ 2-இல் ரப்பர் மாட்டுகிற உலோக முனையையே திருகிக் கழற்றி மாற்றலாம். ஜீரோ கொஞ்சம் பருமன், காது சிறியவர்களுக்கு நேரம் ஆக ஆக வலிக்கும். மைக் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை இருந்தால் இல்லாததை எடுங்கள். பிளேயருக்கு மைக் எதற்கு? உபத்திரவமும் உண்டு, கீழே வருகிறது.

கேள்வி: அண்ணா, பெட்டியில் 16 ஓம், 32 ஓம் என்று போட்டிருக்கிறார்கள். ஓம் குறைவாக இருந்தால் சத்தம் நன்றாக வரும் என்கிறார் கடைக்காரர். அதை மட்டும் பார்த்து வாங்கலாமா?

பதில்: கூடாது. ஓம் என்பது மின்தடை. அதோடு சென்சிட்டிவிட்டியையும் (கொடுக்கிற மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற எண்) சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த எண் மில்லிவாட்டுக்கா, வோல்ட்டுக்கா என்பதையும் கவனியுங்கள். ஒரு கம்பெனி 1 மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபெல் என்று போடும், இன்னொன்று 1 வோல்ட்டுக்குப் போடும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். மில்லிவாட் எண்ணை வோல்ட் கணக்குக்குக் கொண்டுவர 16 ஓமுக்கு 18, 24 ஓமுக்கு 16, 32 ஓமுக்கு 15, 60 ஓமுக்கு 12, 250 ஓமுக்கு 6 கூட்டுங்கள். சின்ன பிளேயர்கள் பெரும்பாலும் அரை வோல்ட் அளவில்தான் தரும், அதற்காக 6 கழியுங்கள். மிச்சம் 105-க்கு மேல் வந்தால் கவலையில்லை.

போட்டுப் பார்ப்போம். சோனி எம்டிஆர்-இசட்எக்ஸ்110: 24 ஓம், மில்லிவாட்டுக்கு 98. கூட்டினால் 114, அரை வோல்ட்டில் 108. கோஸ் கேஎஸ்சி75: 60 ஓம், 101. கூட்டினால் 113, அரை வோல்ட்டில் 107. ஓம் இரண்டரை மடங்கு, சத்தத்தில் வித்தியாசம் 1 டெசிபெல்! பயர்டைனமிக் டிடி 990 புரோவின் 250 ஓம் மாடலோ 96-இல் நின்றுவிடும்.

‘20–20,000 ஹெர்ட்ஸ்’ என்ற வரியைப் படிக்கவே வேண்டாம். அந்த எல்லைக்குள் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று சொல்லாத வரை அதனால் ஒன்றும் தெரியாது.

கேள்வி: 96 டெசிபெலே காதைக் கிழிக்கிற சத்தம்தானே? அது ஏன் போதாது?

பதில்: அது பதிவின் உச்சபட்ச அளவு. தனியாவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் ஒரு தீர்மானத்தை (முத்தாய்ப்பு) வாசித்து முடிக்கிற நொடியில் தொடுகிற இடம். கச்சேரிப் பதிவில் சராசரி அதற்கு 15, 20 டெசிபெல் கீழேயே ஓடும். அமைதியான அறையில் சமாளிக்கலாம், வெளியே போதாது. வீட்டில் உட்கார்ந்து கர்நாடக இசை கேட்பதற்கென்றால் அந்த கேஎஸ்சி75-ஐயே சொல்வேன். திறந்த அமைப்பு என்பதால் தம்புராவும் குரலும் நெருக்கமில்லாமல் கேட்கும். ‘எக்ஸ்ட்ரா பாஸ்’ (பாஸ் என்றால் தாழ்ந்த ஒலி) வகை வேண்டாம். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி ஊதிப்போய், வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் அதற்கடியில் மறைந்துவிடும்.

கேள்வி: பழைய பிளேயரில் புது மைக் இயர்போனைச் செருகினால் வாத்தியம் கேட்கிறது, பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் சரியாகிவிடுகிறது. என்ன கூத்து இது?

பதில்: பட்டனை அழுத்தினால் சரியாகிறது என்றீர்களே, சந்தேகத்துக்கே இடமில்லை. கிரவுண்ட் (இரண்டு பக்கத்துக்கும் பொதுவான திரும்பும் இணைப்பு) சேரவில்லை. உங்கள் பிளக்கில் 4 பட்டை: நுனி இடது, அடுத்தது வலது, மூன்றாவது கிரவுண்ட், அடி மைக். பழைய பிளேயரின் சாக்கெட் 3 பட்டைக்குச் செய்தது. சிலவற்றில் கிரவுண்ட் தகடு அடிப்பட்டையை மட்டும்தான் தொடும், அங்கே இருப்பதோ மைக். கிரவுண்ட் கிடைக்காதபோது இடது, வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஒலியாக வரும். பாடகர் குரலை இரண்டு பக்கமும் சமமாகப் பதிவு செய்வதால் அது அடிபட்டுப்போகிறது. பட்டனை அழுத்தும்போது மைக் வயரும் கிரவுண்டும் ஒட்டிக்கொள்வதால் திரும்ப வருகிறது. ஒரு பழைய மோனோ பாட்டைப் போட்டுப் பாருங்கள், வாத்தியம் உட்பட மொத்தமுமே காணாமல் போகும்.

பிளக்கை 1 மி.மீ. வெளியே இழுத்து வைத்தால் சிலவற்றில் சரியாகும், ஆனால் நடந்தால் நகர்ந்துவிடும். ஹெட்செட்டைக் கம்ப்யூட்டரில் மாட்ட விற்கிற ஒய் ஸ்பிளிட்டரை வாங்கி, ஹெட்போன் படம் போட்ட முனையைப் பிளேயரில் செருகுங்கள். அதில் 3 பட்டைதான்.

கேள்வி: எல்லோரும் புகழ்கிற இயர்போனை வாங்கினேன். பாஸ் சுத்தமாக இல்லை. போலியாக இருக்குமோ?

பதில்: முதலில் ரப்பர் முனையைச் சந்தேகப்படுங்கள். பேஸ் கிடார் நன்றாகக் கேட்கிற பாட்டைப் போட்டு (அதன் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ்) இரண்டு இயர்போனையும் விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பாஸ் சட்டென்று நிரம்பினால் காற்று கசிகிறது என்று அர்த்தம். பெரிய முனையைப் போடுங்கள். கூட வருகிற மூன்று அளவில் நடு அளவே எல்லோருக்கும் சரி என்பதில்லை. இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று வேறு வேறு அளவு போடுவதிலும் தப்பில்லை.

மாட்டும் முறையும் முக்கியம். வலது காதுக்கு மாட்டும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுங்கள். துளை நேராகும், முனை லேசாகத் திருகினாலே உட்கார்ந்துவிடும். ஃபோம் முனை என்றால் உருட்டி நசுக்கிச் செருகி, விரிகிற வரை 20 விநாடி பிடித்திருங்கள். சரியாக உட்கார்ந்ததும் மின்விசிறிச் சத்தம் மங்கி, நீங்கள் பேசுவது உங்கள் தலைக்குள்ளேயே ஒலிக்கும்.

கேள்வி: ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்துகொண்டே வருகிறது.

பதில்: இயர்போனை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். குறைவு அதே காதில் நின்றால் கோளாறு காதில். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். இயர்போனோடு இடம் மாறினால் முனையின் வலையில் அழுக்கு அடைத்திருக்கும். ரப்பரைக் கழற்றி, வலையைத் தரை பார்க்கப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். மேலே பார்க்கப் பிடித்தால் அழுக்கு உள்ளேதான் விழும். ஊசி போட்டுக் குத்த வேண்டாம்.

கேள்வி: பாரிஸிலிருந்து மச்சான் ஒரு வாக்மேன் கொண்டுவந்தார். முழு வால்யூம் வைத்தாலும் போதவில்லை.

பதில்: ஐரோப்பாவில் விற்கிற பிளேயர்களுக்கு வெளியீட்டு வரம்பு உண்டு: 150 மில்லிவோல்ட். அரை வோல்ட்டைவிட 10 டெசிபெல் குறைவு. செட்டிங்ஸில் ஏவிஎல்எஸ் (சத்தத்தைத் தானாக மட்டுப்படுத்துகிற வசதி) இருந்தால் அணையுங்கள். பிறகும் போதாவிட்டால் மேலே சொன்ன கணக்கில் 1 வோல்ட்டுக்கு 121-க்கு மேல் வருகிற இயர்போனைத் தேடுங்கள்.

கேள்வி: பத்து வயதுப் பையன் கேட்கிறான். எவ்வளவு சத்தம் வைக்கலாம் அண்ணா?

பதில்: உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் 75 டெசிபெல், பெரியவர்களுக்கு 80. அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். பிளேயரில் வால்யூம் பூட்டு இருந்தால் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பிளக் ஓரத்தில் வயர் அறுந்துவிட்டது. நானே சால்டரிங் செய்தால் ஈயம் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

பதில்: அந்த மயிரிழைக் கம்பிகளின் வண்ணம் வெறும் நிறமில்லை, எனாமல் பூச்சு. அதன் மேல் ஈயம் ஒட்டாது. சூடான அயர்ன் நுனியில் ஈயத்தைத் திரட்டி, ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவுகிற பசை) தொட்ட கம்பியை அந்தச் சொட்டுக்குள் சில விநாடி வைத்திருங்கள். பூச்சு எரிந்து கம்பி வெள்ளையாகும். வழக்கமாகச் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் கிரவுண்ட். பிளக்கின் மூடியை முதலிலேயே வயரில் கோத்துவிடுங்கள், இல்லையென்றால் எல்லாம் ஒட்டி முடித்தபின் திரும்பக் கழற்ற வேண்டியிருக்கும்.