மன அழுத்தம் வலியைக் குறைக்குமா, கூட்டுமா? உறுப்பினர் கேள்விகளுக்குப் பதில்கள்

விபத்தில் கை முறிந்தபோது கொஞ்ச நேரம் வலியே தெரியவில்லை. வேலை நெருக்கடி வந்தாலோ பழைய முதுகுவலி உயிரை எடுக்கிறது. இரண்டுமே மன அழுத்தம்தானே?

ஆமாம், ஆனால் ஒன்று நிமிடக் கணக்கு, மற்றது மாதக் கணக்கு. திடீர் ஆபத்தில் நடுமூளையிலிருந்து தண்டுவடத்துக்கு உத்தரவு இறங்கி, ஏறிவரும் வலிச் செய்தியை அங்கேயே அமுக்குகிறது. உடலே சுரக்கும் எண்டார்பின், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள்கள் இதற்குத் துணை. இரண்டாம் உலகப் போரில் பலத்த காயம்பட்ட வீரர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் வலிமருந்து வேண்டாம் என்றதாக அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் 1946இல் எழுதினார்.

எனக்கு இன்றும் வியப்பூட்டுவது இது: மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஒரே பெரிய புரதம் துண்டாகித்தான், அழுத்த நேரத்தில் கூடும் கார்டிசால் ஹார்மோனைச் சுரக்கவைக்கும் ஹார்மோனும் வலியடக்கும் பீட்டா எண்டார்பினும் கிடைக்கின்றன.

கார்டிசால் அழற்சியைக் குறைக்கும் என்கிறார்களே. அழுத்தம் கூடினால் வலி குறைய வேண்டாமா?

சில மணி நேரத்துக்குச் சரி. அழுத்தம் ஓயாமல் நீடித்தால் நோய் எதிர்ப்புச் செல்கள் கார்டிசாலின் பேச்சைக் கேட்பதைக் குறைத்துக்கொள்கின்றன. அழற்சிக்குக் கடிவாளம் தளர்கிறது. பயத்தைக் கையாளும் மூளைப்பகுதியான அமிக்டலாவில் சிஆர்எச் என்ற அழுத்த ஹார்மோன் கூடும்போது வலியுணர்வும் கூடுவதை விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன. மூளையிலிருந்து இறங்கும் அதே நரம்புப் பாதையால் வலியைப் பெருக்கவும் முடியும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. வீட்டில் "மனப்பிரமை" என்கிறார்கள்.

தயவுசெய்து அதை நம்பாதீர்கள். சாதாரண ஸ்கேன் எலும்பையும் தசையையும் காட்டும். நரம்புகள் எவ்வளவு கூருணர்வோடு இருக்கின்றன என்பதைக் காட்டாது. உங்கள் வலி உண்மையான வலி.

கார்டிசால் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

இதற்காக வேண்டாம். அது காலையில் உயர்ந்து இரவில் தாழும். அட்ரினல் சுரப்பிக் கோளாறு என்று மருத்துவர் சந்தேகித்தால்தான் அந்தப் பரிசோதனைக்கு அர்த்தம்.

மாத்திரை தவிர வேறு வழி?

முதலில் தூக்கம். ஓர் இரவு சரியாகத் தூங்காவிட்டாலே வலி தாங்கும் அளவு குறைகிறது. அடுத்து, உடற்பயிற்சி: வலி குறைந்த நாளில் அளவுக்கு மீறிச் செய்துவிட்டு மறுநாள் படுத்துவிடாமல், தினமும் கொஞ்சம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் பலருக்கு உதவுகிறது. ஆனால் முதுகுவலியோடு கால் பலவீனம், சிறுநீரை அடக்க முடியாமை, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் அழுத்தம் என்று ஒதுக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.