வால்வில் கரி: கேட்டவர்களுக்கெல்லாம் என் பதில்

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் 19 வருடம் வண்டியைப் பிரித்துப் பூட்டியவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜின், அதில் படியும் கரி, இது மட்டும்தான் இன்றைக்கு. கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டிருந்தால் ஒருவருக்குத்தான் பதில், கோபிக்காதீர்கள்.

செங்காங்கிலிருந்து ஒருவர்: அண்ணே, என் பழைய வண்டி 10 வருஷம் ஓடுச்சு, கரிங்கிற பேச்சே இல்ல. புது வண்டிக்கு மட்டும் ஏன்?

பழைய வண்டியில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், காற்று வரும் குழாயில், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். பெட்ரோல் வால்வின் முதுகில் விழுந்து அதைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். பெட்ரோலில் கலந்திருக்கிற சுத்தம் செய்யும் மருந்தும் போகிற வழியில் அதன் வேலையைப் பார்த்துவிடும். நேரடி இன்ஜெக்‌ஷனில் இன்ஜெக்டர் சிலிண்டருக்குள்ளேயே போய்விட்டது. வாசலில் தெளித்த தண்ணீரை இப்போது நேராகக் கூடத்தில் கொண்டுபோய் ஊற்றுகிறோம். வாசலைக் கழுவ ஆள் இல்லை.

அழுக்கு மட்டும் பழையபடி வந்துகொண்டே இருக்கிறது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கசியும். அது எண்ணெய் ஆவியையும் கூட்டிக்கொண்டு பி.சி.வி. குழாய் வழியாக இன்டேக்குக்குத் திரும்பும். வெளியே விட்டால் மாசு என்பதால் அப்படித்தான் செய்தாக வேண்டும். எரிந்த புகையிலும் ஒரு பங்கு, புகையைத் திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வழியாகவோ, உள்ளே விடும் வால்வும் வெளியே விடும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நொடியிலோ திரும்பி வரும். இதெல்லாம் சூடான வால்வின் முதுகில் ஒட்டி, வெந்து, இறுகிவிடுகிறது. முதன்முதலில் ஒரு டர்போ வண்டியின் மேனிஃபோல்டை, அதாவது காற்றுக் குழாய்த் தொகுதியை, கழற்றி உள்ளே டார்ச் அடித்தபோது, பால் அடிப்பிடித்த சட்டியை இரண்டு நாள் ஊறவைக்காமல் விட்ட மாதிரி இருந்தது. ஸ்குரூடிரைவர் முனையால் கீறினேன். மேலே பிசுபிசுப்பு, கீழே கல்.

புதிய நோயும் இல்லை. மெர்சிடிஸ் 300 எஸ்.எல். 1954-லேயே நேரடி இன்ஜெக்‌ஷனோடு வந்தது. மிட்சுபிஷி தன் ஜி.டி.ஐ. இன்ஜினை 1996-இல் கலாண்ட்டில் போட்டது. இன்றைக்கு நிறையச் சாதாரண வண்டிகளிலும் அது வந்துவிட்டதால் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூரோங், 1.4 டர்போ: 98 ஊத்தினா கரி வராதுன்னு சொல்றாங்களே?

வரும். 92, 95, 98 என்பது பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் என்ற கணக்கு. சுத்தம் செய்யும் மருந்து வேறு சங்கதி. எவ்வளவு நல்ல மருந்து இருந்தாலும் உங்கள் வண்டியில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகைத் தொடுவதே இல்லையே! தொடாத இடத்தை எப்படிக் கழுவும்? டேங்கில் ஊற்றும் பாட்டில் மருந்துக்கும் இதே பதில்தான். பி.இ.ஏ. என்ற பொருள் உள்ள நல்ல மருந்து இன்ஜெக்டர் முனையையும் பிஸ்டன் தலையையும் சுத்தம் செய்யும். அதற்காக வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ஊற்றுங்கள். வால்வுக்காக ஊற்றாதீர்கள்.

பொங்கோல், ஹோண்டா வெசல்: என் வண்டி நேரடி இன்ஜெக்‌ஷனா இல்லையா, எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஜப்பானிலிருந்து வந்த முதல் தலைமுறை வெசல் என்றால் நேரடிதான். மற்றவர்கள் மேனுவலில் பாருங்கள், அல்லது இன்ஜின் எண்ணை வைத்துத் தேடுங்கள். ஃபோக்ஸ்வாகனின் டி.எஸ்.ஐ., மாஸ்டாவின் ஸ்கைஆக்டிவ்-ஜி எல்லாம் நேரடி. டொயோட்டாவின் டி-4எஸ் என்றால் குழாயிலும் ஒரு இன்ஜெக்டர், சிலிண்டரிலும் ஒன்று. குழாயில் இருப்பது வால்வைக் கழுவிவிடும். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் இத்தோடு எழுந்து டீ குடிக்கப் போகலாம்.

தெம்பனிஸ், 1.5 டர்போ, 82,000 கி.மீ.: காலையில ஸ்டார்ட் பண்ணா அரை நிமிஷம் உதறுது. இன்ஜின் லைட் வந்துச்சு. ஒர்க்‌ஷாப்ல மெஷின் மாட்டி பி0303-ன்னாங்க. கரி, சுத்தம் பண்ணணும், சில நூறு வெள்ளி ஆகும்னாங்க. பண்ணலாமா?

கேமரா விட்டுப் பார்த்தார்களா? இல்லை என்றால் ஒரு வெள்ளி கொடுக்காதீர்கள்.

பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டரில் மட்டும் சரியாக எரியவில்லை என்று பொருள். கரி பொதுவாக எல்லா வால்விலும் படியும். ஒன்றில் கொஞ்சம் கூட, ஒன்றில் கொஞ்சம் குறைய இருக்கும். ஒரே சிலிண்டர் பிடிவாதமாக உதறினால் முதலில் ஸ்பார்க் பிளக்கையும் அதற்கு மின்சாரம் தரும் காயிலையும் சந்தேகப்படுங்கள். செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது: இன்ஜின் ஆறின பிறகு, மூன்றாவது காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் போடுங்கள், முதலாவதை மூன்றில் போடுங்கள். மெஷினில் அந்தப் பிழை எண்ணை அழித்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். உதறல் காயிலோடு சேர்ந்து இடம் மாறினால் கரி நிரபராதி. மாறாவிட்டால் அடுத்து பிளக், அப்புறம் கேமரா. செய்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

பிடோக்: ஹைட்ரஜன் சுத்தம் பண்ணினேன். ஒரு மணி நேரம் மெஷின் மாட்டினாங்க. வண்டி பட்டு மாதிரி ஓடுது. நீங்க ஏன் அதைப் பத்தி எழுதறதே இல்ல?

எழுதினால் சண்டை வரும் என்பதால்தான். சரி, கேட்டுவிட்டீர்கள்.

அந்த மெஷின் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து, இன்ஜின் ஓடும்போது இன்டேக் வழியாக உள்ளே அனுப்புகிறது. வால்வைக் கடக்கும்போது அது வெறும் வாயு. எரிவது வால்வு மூடிய பிறகு, சிலிண்டருக்குள்ளே. அப்படியிருக்க வால்வின் முதுகில் உள்ள கல் எப்படிக் கரையும்?

பிடோக், மறுபடியும்: தியரி பேசாதீங்க அண்ணே. உதறல் நின்னுச்சு, பிக்கப் கூடிச்சு. அதுக்கு என்ன சொல்றீங்க?

வண்டி மாறியது என்பதை நம்புகிறேன். ஒன்று கேட்கிறேன்: அன்றைக்கு இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியையும் துடைத்தார்களா? பாட்டரியைக் கழற்றி மாட்டினார்களா, அல்லது மெஷினில் ரீசெட் செய்தார்களா?

பிடோக்: த்ராட்டில் பாடி ஃப்ரீயா பண்ணிக் கொடுத்தாங்க. ரீசெட்டும் பண்ணாங்க.

நினைத்தேன். த்ராட்டில் தட்டின் ஓரத்தில் அழுக்குச் சேர்ந்தால் வண்டி நின்ற இடத்தில் உதறும். துடைத்து ரீசெட் செய்தால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும். அந்த வேலையை ஒரு ஸ்ப்ரே டப்பாவும் பழைய துணியும் செய்யும். பெயர் ஹைட்ரஜனுக்குப் போய்விட்டது.

கேலாங்கிலிருந்து இன்னொருவர்: நானும் பண்ணேன். முன்னாடி பின்னாடி போட்டோ காட்டினாங்க. கறுப்பா இருந்தது வெள்ளையாயிடுச்சு.

எதன் போட்டோ? ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கேமரா விட்டால் தெரிவது பிஸ்டன் தலை. அங்கே தீ எரிகிறது, அங்கே ஏதாவது மாறினால் மாறட்டும், எனக்கு வழக்கு இல்லை. நாம் பேசுவது வால்வின் முதுகைப் பற்றி. அதைப் பார்க்கக் கேமராவை இன்டேக் பக்கத்திலிருந்து விட வேண்டும். அதே வால்வு, அதே கோணம், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று யாராவது காட்டட்டும், இதே இடத்தில் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன். இது பற்றி இன்னும் ஆறு பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் இதுதான் பதில்.

புக்கிட் பாத்தோக்: வால்நட் அடிக்கிறதுன்னா என்ன? கொட்டையையா போடுவாங்க?

கொட்டையை அல்ல, அதன் மேலோட்டை. வால்நட் ஓட்டைப் பொடித்துச் சலித்த குருணை. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, ஒரு சிலிண்டரின் துளையில் வாக்குவம் குழாயைப் பொருத்தி, பக்கத்தில் முனையை விட்டுக் காற்றழுத்தத்தில் அடிப்பார்கள். கரி பெயரும், வாக்குவம் இழுத்துக்கொள்ளும். உலோகத்தைவிட ஓடு மென்மை, கரியைவிடக் கடினம். அதனால் வால்வும் அலுமினியமும் தப்பிக்கின்றன. மணலை வைத்து இதைச் செய்யக் கூடாது. பி.எம்.டபிள்யூ. கம்பெனி முறையிலேயே இதற்கென்று தனிக் கருவி உண்டு.

வேலையின் உயிர் ஒரு இடத்தில்தான் இருக்கிறது: அடிக்கிற சிலிண்டரின் இன்டேக் வால்வு இரண்டும் முழுக்க மூடியிருக்க வேண்டும். கிராங்க்கைக் கையால் திருப்பி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டார்ச் அடித்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். நான் தொழிலுக்கு வந்து நாலாம் வருடம், சனிக்கிழமை மாலை, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இரண்டாவது சிலிண்டரைப் பார்க்காமலேயே அடித்துவிட்டேன். வால்வு ஒரு நூல் திறந்திருந்தது. குருணை உள்ளே. பிளக் துளை வழியாக மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சி, கேமராவில் பார்த்து, மறுபடி உறிஞ்சி, இரவு பத்தரைக்குத்தான் கையைக் கழுவினேன். வண்டிக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அதற்குப் பிறகும் என்னிடம்தான் வந்தார் என்பது வேறு கதை.

எனவே கடையில் கேளுங்கள்: வால்வு மூடியிருப்பதை எப்படிப் பார்ப்பீர்கள்? மேனிஃபோல்டு கேஸ்கெட் புதிதா? முடிந்ததும் கேமராவில் காட்டுவீர்களா? மூன்றாவதற்குத் தயங்கினால் அடுத்த கடை. உபி, சின் மிங் வட்டாரங்களில் கடைக்கா பஞ்சம்?

அங் மோ கியோவிலிருந்து ஒரு அம்மா: தம்பி, பிள்ளையைப் பள்ளியில் விட, மார்க்கெட் போக, அவ்வளவுதான் ஓட்டுகிறேன். ஒரு தடவைக்கு 2 கி.மீ. இது கெடுதலா?

கொஞ்சம் கெடுதல்தான் அக்கா. எண்ணெய் நன்றாகச் சூடாவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறீர்கள். எரியாத பெட்ரோலும் ஈரமும் எண்ணெயில் தங்கி, அது நீர்த்து, ஆவி அதிகமாகும். வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் பி.ஐ.இ. விரைவுச்சாலைப் பக்கம் ஓட்டிவிட்டு வாருங்கள். ஏற்கெனவே படிந்து இறுகியது இதனால் போகாது, ஆனால் எண்ணெய் பிழைக்கும். நிறுத்தி வைத்துக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்க வேண்டாம், இங்கே அது சட்டப்படியும் தப்பு.

பெரிய விஷயம் எண்ணெய் மாற்றுவதுதான். மேனுவலில் 15,000 என்று போட்டிருந்தாலும், உங்களைப் போல் ஓட்டுபவர்கள் கிலோமீட்டரைப் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். மேனுவலில் சொன்ன தரம்தான் வேண்டும், கடைக்காரர் கையில் கிடைத்தது அல்ல. டர்போ வண்டி என்றால், மேனுவல் ஒத்துக்கொண்டால், டப்பாவில் ஏ.பி.ஐ. எஸ்.பி. இருக்கிறதா என்று பாருங்கள். 2020-இல் வந்த தரம். டர்போ நேரடி இன்ஜினில் குறைந்த வேகத்தில் நேரத்துக்கு முன்பே பற்றி வெடிக்கும் கோளாறுக்குச் சோதிக்கப்பட்டது. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றவிடாதீர்கள். அதிக எண்ணெய், அதிக ஆவி, அதிகக் கரி.

உட்லண்ட்ஸ்: மலேசியா பக்கம், ஜோகூர்ல பாதி விலைக்குப் பண்றாங்க. போகலாமா?

போகலாம். நல்ல கைகள் அங்கேயும் உண்டு. கேமரா விதி அங்கேயும் அதேதான். கிளம்பும்போது டேங்கில் முக்கால் இருக்கட்டும். அங்கே நம் ஊர் வண்டிக்கு 95 ஊற்ற அனுமதி இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

ஈசூன்: நானே கரி கரைக்கிற ஸ்ப்ரே வாங்கி இன்டேக்ல அடிக்கலாமா?

கரி இன்னும் மெல்லிய, பிசுபிசுப்பான நிலையில் இருந்தால் கொஞ்சம் பலன் உண்டு. கல்லாகியிருந்தால் இல்லை. டர்போ வண்டியில் எனக்குப் பயம். பெரிய கட்டியாகப் பெயர்ந்தால் அது வெளியே போகும் வழியில் டர்போ சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. காற்றளவு சென்சாருக்கு முன்னால் அடிக்காதீர்கள், சென்சார் போய்விடும். மாடி கார் பார்க்கில் செய்யாதீர்கள். கிளம்பும் வெள்ளைப் புகையைப் பார்த்து யாராவது தீயணைப்புப் படையை 995-இல் அழைத்துவிடுவார்கள்.

கேட்ச் கேன் (பி.சி.வி. குழாயில் மாட்டும் டப்பா) கேட்ட மூவருக்கும்: எண்ணெய் ஆவியில் ஒரு பங்கைப் பிடிக்கும், முழுவதையும் அல்ல. மாதாமாதம் திறந்து கொட்டுகிற பொறுமை இருந்தால் போடுங்கள். முதலில் எல்.டி.ஏ. (தரைப் போக்குவரத்து ஆணையம்) விதியையும் வாரண்டியையும் பாருங்கள்.

கிளமெண்டி: சி.ஓ.இ. (வண்டி வச்சுக்கிறதுக்கான அரசு உரிமம்) முடிய 14 மாசம்தான் இருக்கு. சுத்தம் பண்ணணுமா?

உதறுகிறதா? இல்லை என்றால் விடுங்கள். வண்டியை ஒப்படைக்கும்போது அரசு திருப்பித் தரும் பார்ஃப் பணத்தைக் கணக்குப் போடுகிறவர்கள் வால்வைத் திறந்து பார்ப்பதில்லை. சி.ஓ.இ.யைப் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால் வேறு பேச்சு, அப்போது கேமரா விட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.

டீசல் வேன் வைத்திருப்பவர்: அது வேறு உலகம். டீசல் ஆளிடம் கேளுங்கள்.

மின்சார வண்டி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்றவர்: இல்லை.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்றவர்கள்: எண் கிடையாது. 70,000-இல் அடைத்துக்கொண்டு வந்ததையும் பார்த்தேன், 150,000 ஓடி மெல்லிய படலத்தோடு வந்ததையும் பார்த்தேன். கேமரா.

தனியார் வாடகை வண்டி ஓட்டும் நண்பர்: 98 ஊத்தினா...

ஜூரோங்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஹவ்காங்: 95-ம் 98-ம் மாத்தி மாத்தி ஊத்தினா...

ஜூரோங்.

தெம்பனிஸ், மறுபடியும்: அண்ணே, காயிலை மாத்திப் போட்டேன். இப்ப பி0301 காட்டுது.

காயில்தான். ஒன்று வாங்கி மாட்டுங்கள். பிளக்கும் 82,000 ஓடியது என்றால் நாலையும் கூடவே மாற்றிவிடுங்கள். கரி சுத்தம் வேண்டாம்.