பழைய 486 கணினியில் புது எஸ்எஸ்டி மாட்டலாமா?

காரைக்குடி வீட்டில் அப்பச்சி கணக்கு எழுதிய 486 (அந்தப் பழைய சிப் உள்ள கணினி), அதில் டாஸ் 6.22 என்ற பழைய இயங்குதளம், ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. எஸ்எஸ்டி மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டலாம். ஆனால் நானாக இருந்தால் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டுதான் வாங்குவேன்.

காரணம், அந்தக் கார்டுக்கு ஐடிஇ மொழி, அதாவது பழைய கணினி ஹார்ட் டிஸ்க்குடன் பேசும் முறை, நேரடியாகவே தெரியும். கார்டைச் செருகும் அடாப்டர் வெறுமனே ஐடிஇ கேபிளின் 40 பின்களை அதனுடன் இணைத்துவிடுகிறது, அவ்வளவுதான். சாட்டா என்ற பிற்கால இணைப்பு கொண்ட எஸ்எஸ்டிக்கும் எஸ்டி கார்டுக்கும் நடுவில் ஒரு மாற்றுச் சிப் வேண்டும். பழைய பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரல்) சில நேரம் அதைக் கண்டுகொள்ளாது.

கொள்ளளவில் ஆசைப்படாதீர்கள். அந்தக் காலத்துப் பயாஸ் பலவும் டிஸ்க்கின் இடத்தை எண்ணும்போது 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்ற கணக்கோடு நின்றுவிடும். அதாவது 504 எம்பி. அதைத் தாண்டினாலும் டாஸ் 6.22-இல் ஒரு பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) அதிகபட்சம் 2 ஜிபிதான். 512 எம்பி கார்டே தாராளம்.

ரிப்பன் கேபிளின் சிவப்பு ஓரம் அடாப்டரில் 1 என்று போட்டிருக்கும் பின் பக்கம் வர வேண்டும். அடாப்டரில் உள்ள ஜம்பரை (பின்களை இணைக்கும் சின்னத் துண்டு) மாஸ்டரில், அதாவது முதல் டிஸ்க் என்ற இடத்தில், வையுங்கள். பெரும்பாலான அடாப்டர்களுக்கு ஃப்ளாப்பி டிரைவின் சின்ன பவர் கனெக்டர்தான் பொருந்தும். அப்புறம் பார்ட்டிஷன் பிரிக்கும் எஃப்டிஸ்க், ஃபார்மட் என்ற டாஸ் கட்டளைகள் எல்லாம் வழக்கம்போல. பூட் ஆகாவிட்டால் 'எஃப்டிஸ்க் /எம்பிஆர்' கொடுத்து, டிஸ்க்கின் தொடக்க நிரலைத் திரும்ப எழுதிப் பாருங்கள்.

இத்தனைக்கும் முன்னால், மூடியைக் கழற்றி மதர்போர்டைப் பாருங்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடு என்றால், பீப்பாய் வடிவ பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சரிசெய்யாமல் கரண்ட் கொடுக்காதீர்கள்.